தேர் செய்தவரும் தேர் ஏறியவரும்

சில வாரங்களுக்கு முன் இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் புறநானூற்றின் 87ஆம் பாடலை நடத்திக்கொண்டிருந்தேன். அதியமானை எதிர்க்க எண்ணும் பகைவரை ஔவையார் எச்சரிக்கும் பாடல். ஒரே நாளில் எட்டுத் தேர்களைச் செய்து முடிக்க வல்ல தச்சன் ஒருவன், ஒரு திங்கள் முழுவதும் கருத்தூன்றிச் செய்த ஒற்றைத் தேர்ச்சக்கரத்தை அவர் அதியமானின் வலிமைக்கு உவமையாக்குகிறார். உவமையின் நயத்தை நான் விளக்கி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: "ஐயா, அந்தத் தச்சன் பேரு என்ன?" வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் எண்ணூர்க்காரன். அவன் தாத்தா லாரி செய்யும் ஆலையில் முப்பதாண்டு வேலை பார்த்தவர் என்று எனக்குத் தெரியும்.

பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான் என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லிவருகிறோம். அந்தத் தேரை ஓட்டிவந்த வலவன் யார், செய்த தச்சன் யார் என்று எவரும் கேட்டதில்லை. ஐங்குறுநூற்று முல்லையில் 'தேர் வியங்கொண்ட பத்து' என்றே ஒரு பகுதி உண்டு. வினைமுடித்துத் திரும்பும் தலைவன் பாகனை விரைந்து செலுத்தப் பணிக்கும் பாடல்கள் அவை. அகப்பாட்டில் யாருக்குமே பெயரில்லை என்பது மரபுதான். ஆனால் புறத்திலும் வலவனுக்குப் பெயர் வாய்க்கவில்லை. தேர் உடையவன் புகழ்பெறுவான், தேர் செலுத்துபவன் பணி செய்வான். இதுதான் பழைய ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கிய தொழில் ஒன்று இருபதாம் நூற்றாண்டில் தோன்றியது. அது கார்ப் பந்தய ஓட்டுநரின் தொழில். வண்டி யாருடையது என்பதை மறந்துவிட்டு, ஓட்டியவன் பெயரை மட்டும் உலகம் நினைவில் வைத்துக்கொள்கிறது. அத்தொழிலை முழுமையாக வளர்த்தெடுத்த நாடு இங்கிலாந்து. அதற்குத் தேவையான பொருள்களில் பெரும்பாலானவை எங்கள் வடசென்னையிலும் ஒரு காலத்தில் இருந்தன. இருந்தும் இங்கே அந்தத் தொழில் ஏன் வேரூன்றவில்லை என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

வடசென்னை என்றதும் மீன்பிடித் துறைமுகமும் அனல்மின் நிலையச் சாம்பலும் பலருக்கு நினைவுக்கு வரும். இது சக்கரங்களின் நிலமும்கூட. தென்னிந்தியாவின் முதல் ரயில்பாதை 1856இல் இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. விடுதலைக்குப் பின் சாலை வண்டிகளின் முறை வந்தது. 1948இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆலை அமைத்து, மறு ஆண்டே பிரிட்டனின் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியே அனுப்பியது. பின்னர் லேலண்ட் நிறுவனம் கைகோக்க, 1955இல் அது அசோக் லேலண்ட் ஆயிற்று. அதே 1955இல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டாகத் தொடங்கிய ஆலை அது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன. சில ஆண்டுகளில் அச்சுகளும் கருவிகளும் வந்துசேர, புல்லட்டின் பாகங்களை இங்கேயே வார்த்தார்கள். ரெட்டிச் ஆலை மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977 முதல் புல்லட் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. கற்றுக்கொடுத்தவனுக்கே பண்டம் விற்ற கதை அது.

டயருக்கும் இவ்வூரில் ஒரு தொடக்கம் உண்டு. 1946இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் பழைய டயருக்கு மேலொட்டும் ரப்பர், 1961இல் டயர். இன்று எம்.ஆர்.எஃப். என்ற மூன்றெழுத்து அறியாதார் இல்லை.

ஆக எண்ணூரில் கார், திருவொற்றியூரில் எந்திரமும் டயரும். ஓடுவதற்குத் திடல்? அதுவும் இருந்தது. எண்ணூருக்கு மேற்கே இருபது கிலோமீட்டர் சொச்சத்தில், செங்குன்றத்தைத் தாண்டிக் கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி, இரண்டாம் உலகப்போரின்போது போடப்பட்ட சோழவரம் விமான ஓடுதளம். போர் முடிந்து விமானங்கள் போய்விட்டன, கான்கிரீட் மிஞ்சியது. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. ஆங்கில 'டி' எழுத்துப் போலக் கிடந்த அந்த ஓடுதளத்தில் 1950களில் தொடங்கிய பந்தயங்கள் 1980களின் இறுதிவரை நடந்தன. இந்தியாவெங்குமிருந்து ஓட்டுநர்கள் அங்கே வந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் என்ற ஃபார்முலா ஒன் காரையே அங்கு கொண்டுவந்து ஓட்டினார்.

*

நான் சோழவரம் பந்தயத்தை ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். 1988 என்று நினைவு. எனக்குப் பத்து வயது. நைனா திருவொற்றியூரில் ஃபிட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் என்னை எழுப்பி, இரண்டு பஸ் மாறி அழைத்துப் போனார். கூட்டமும் புழுதியும் வெயிலும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. வண்டிகள் தொலைவில் ஒரு புள்ளியாகத் தோன்றி, காதைக் கிழித்துக்கொண்டு கடந்து, மறுபடி புள்ளியாகும். நான் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா வண்டிகளைப் பார்க்கவில்லை. கயிற்றுக்கு அப்பால், ஒரு வண்டியின் அடியில் படுத்துக்கிடந்த மெக்கானிக்கின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வண்டி கடந்தபோது, "மூணாவது சிலிண்டர் பத்தல" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். அடுத்த சுற்றில் அந்த வண்டி வரவில்லை.

திரும்பும் வழியில், "நாமளும் ரேஸ் ஓட்டலாமா நைனா?" என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் யோசித்துப் பதில் சொன்னார்: "ஓட்டலாம்டா. வண்டி ஒடஞ்சா யாரு துட்டு கட்றது?"

பல ஆண்டுகளுக்குப் பிறகு பந்தய ஓட்டுநர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் படித்தபோதுதான் அந்தக் கேள்வியின் ஆழம் எனக்குப் புரிந்தது. ஓட்டத் தெரிகிறதா, துணிவு இருக்கிறதா என்பவை அதற்கு அடுத்த கேள்விகள். உடைவதற்கு ஒரு வண்டியை ஒரு சமூகம் யாருக்குக் கொடுக்கிறது என்பதே முதல் கேள்வி.

*

இங்கிலாந்தில் நடந்ததைப் பார்ப்போம். அங்கும் போர் முடிந்தபோது எஞ்சியது கைவிடப்பட்ட விமானத்தளங்கள்தாம். சில்வர்ஸ்டோன் ஒரு குண்டுவீச்சு விமானத்தளம். 1948இல் அங்கே பெரும்பந்தயம் நடந்தது. 1950 மே 13இல் உலக ஓட்டுநர் சாம்பியன் தொடரின் முதல் பந்தயம் நடந்ததும் அங்கேதான். குட்வுட் திடலும் போர்விமானத் தளத்தின் சுற்றுச்சாலையே. 1948 செப்டம்பர் 18இல், அத்திடலின் முதல் பந்தய நாளில், முந்தைய நாள்தான் பத்தொன்பது வயது நிறைந்த ஸ்டர்லிங் மாஸ் என்ற இளைஞன் ஒரு போட்டியில் வென்றான். அவன் ஓட்டிய கூப்பர் காரின் பின்புறம் இருந்தது 500 சிசி மோட்டார் சைக்கிள் எந்திரம். சர்பிட்டன் என்ற சிற்றூரில் ஒரு தந்தையும் மகனும் தம் பட்டறையில் செய்த வண்டி அது. அதே ஆண்டு காலின் சாப்மன் என்ற பொறியியல் மாணவர் ஒரு பழைய ஆஸ்டின் செவன் காரைப் பிரித்து மாற்றித் தம் முதல் பந்தயக் காரைச் செய்தார். லோட்டஸ் என்ற பெயர் அங்கிருந்து தொடங்குகிறது.

கைவிடப்பட்ட ஓடுதளம், மோட்டார் சைக்கிள் எந்திரம், ஆஸ்டின் கார், கைத்திறன் மிக்க பட்டறை. இந்த நான்கும் சேர்ந்துதான் பிரிட்டிஷ் பந்தய ஓட்டுநர் என்ற தொழில் உருவானது. இந்த நான்கும் எண்ணூருக்கும் சோழவரத்துக்கும் இடையிலும் இருந்தன என்பதை நினைக்கையில் வியப்பாக இருக்கிறது.

அங்கே அந்தப் படிக்கட்டில் யார் ஏறினார்கள்? மாஸ் பல் மருத்துவரின் மகன், தந்தையும் பந்தயம் ஓட்டியவர். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது கிரஹாம் ஹில்லின் கதை. 1929இல் இலண்டனில் பிறந்தவர். பள்ளியை விட்டதும் ஸ்மித்ஸ் என்ற கருவித் தொழிற்சாலையில் தொழில் பழகுநராகச் சேர்ந்தவர். இருபத்து நான்காம் வயதில்தான் கார் ஓட்டும் உரிமமே பெற்றார். 1953இல், பிராண்ட்ஸ் ஹாட்ச் திடலில் ஐந்து ஷில்லிங் கொடுத்தால் பந்தயக் காரில் ஒரு சுற்று வரலாம் என்ற விளம்பரத்தைக் கண்டார். ஒரு பவுண்டு செலவழித்து நான்கு சுற்றுகள் ஓட்டினார். பிறகு பந்தயப் பள்ளியொன்றில் மெக்கானிக் வேலை, அதற்குக் கூலியாகக் கொஞ்சம் ஓட்டும் வாய்ப்பு. அப்புறம் லோட்டஸ் பட்டறையில் மெக்கானிக். 1958இல் மொனாக்கோவில் அதே லோட்டஸின் ஓட்டுநராக ஃபார்முலா ஒன்னில் இறங்கினார். 1962இலும் 1968இலும் உலக சாம்பியன். மொனாக்கோவில் ஐந்து வெற்றிகள், 1966இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500, 1972இல் பிரான்சின் லெமான் 24 மணி நேரப் பந்தயம். இம்மூன்றையும் வென்றவர் அவர் ஒருவரே. 1975 நவம்பரில், தம் அணியினர் ஐவரோடு தாமே ஓட்டிவந்த சிறு விமானம் விழுந்து இறந்தார்.

ஹில்லின் கதையைத் தனிமனித முயற்சியின் வெற்றி என்று சொல்வது வழக்கம். முயற்சி இல்லாமல் இல்லை. ஆனால் அந்த ஐந்து ஷில்லிங் விளம்பரம் இல்லையென்றால் அவர் ஸ்மித்ஸ் ஆலையிலேயே ஓய்வு பெற்றிருப்பார். தச்சன் தேரேறுவதற்கு அங்கே ஒரு படி இருந்தது. அது தாழ்வான படியாகவும் இருந்தது.

*

இங்கே அந்தப் படி ஏன் இல்லை? நமக்கு வீரம் போதாது என்றோ விளையாட்டு மனம் இல்லை என்றோ சொல்வதை நான் ஏற்பதில்லை. காரணம் வண்டியின் விலையிலும் அருமையிலும் இருக்கிறது. போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் பழைய கார்கள் மலிந்து கிடந்தன. ஒரு பழைய ஆஸ்டினை உடைத்தால் இன்னொன்று வாங்கலாம். உரிமமும் ஒதுக்கீடும் ஆண்ட நம் நாட்டில் அம்பாஸடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று மூன்றே பெயர்கள். அவற்றுக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பாகம் வேண்டுமென்றால் சுங்கவரி. இந்நிலையில் ஒரு காரை மணிக்கு நூறு மைல் வேகத்தில் ஓட்டி உடைத்துப் பார்க்கத் துணிபவர் யாராக இருக்க முடியும்? அரச குடும்பத்தார், ஆலை முதலாளிகள், பெருவணிகர் வீட்டுப் பிள்ளைகள். சோழவரத்தின் கார்ப் பந்தய வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் இவர்களுடையவை. இருசக்கர வண்டிப் போட்டிகளில் மட்டும் பட்டறைக்காரர்கள் துணிந்து இறங்கினார்கள். உடைந்தால் அவர்களே சரிசெய்துகொள்ள முடிந்தது என்பதுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

செல்வர் வீட்டுப் பிள்ளைகளைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவர்களில் ஒருவர்தான் படியைத் தாழ்த்த முயன்றார். கோவையின் ஆலைக் குடும்பம் ஒன்றில் பிறந்த கரிவர்தன் சோழவரத்தில் ஓட்டியவர். வண்டியைத் தம் கையால் வடிவமைக்கவும் தெரிந்தவர். 1983இன் இறுதியில் மாருதி 800 வந்தது. எளிதில் கிடைக்கும் ஒரு சிறு எந்திரம் முதன்முறையாக நம் பட்டறைகளுக்கு வாய்த்தது. அதை வைத்து அவர் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைச் செய்தார். அதுவே ஃபார்முலா மாருதி. எல்லோருக்கும் ஒரே வகை வண்டி, உள்ளூர் எந்திரம், தாங்கக்கூடிய செலவு. சர்பிட்டனில் கூப்பர்கள் 1940களில் கண்டுகொண்ட வழியை நாம் 1980களின் இறுதியில் கண்டுகொண்டோம். நாற்பது ஆண்டு இடைவெளி. 1995இல் கரிவர்தனும் ஒரு சிறு விமான விபத்தில் மறைந்தார். ஹில்லின் முடிவோடு இதை ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை, ஆனால் நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

அதற்குள் சோழவரம் ஓய்ந்துவிட்டது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலம் வாங்கி, 3.7 கிலோமீட்டர் நீளத்தில் முறையான பந்தயத்தடம் அமைத்தது. 1990இல் அது திறக்கப்பட்டது. வடக்கே இருந்த பந்தயம் மேற்கே போனது. வண்டித் தொழிற்சாலைகளும் பின்னாளில் அதே திசையில் போயின.

*

இருங்காட்டுக்கோட்டையில் ஃபார்முலா மாருதி ஓட்டித் தொடங்கியவர்தான் நரேன் கார்த்திகேயன். 1977இல் பிறந்தவர், என்னைவிட ஓராண்டு மூத்தவர். கோவைக் குடும்பம். தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தேசிய ராலி சாம்பியன். 1992இல் பிரான்சில் ஒரு பந்தயப் பள்ளியில் பயின்றார். பிறகு இங்கிலாந்து. 1994இல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்று, ஐரோப்பாவில் ஒரு பந்தயத் தொடரை வென்ற முதல் இந்தியர் ஆனார். 1996இல் ஃபார்முலா ஆசியா சாம்பியன். 1999இல் பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீ தொடரில் இரண்டு வெற்றிகள், இரண்டும் பிராண்ட்ஸ் ஹாட்ச் திடலில். ஹில் ஐந்து ஷில்லிங் கொடுத்து ஓட்டிய அதே திடல். 2001 ஜூனில் சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் அணியின் காரைச் சோதித்து, ஃபார்முலா ஒன் அணிக்காகக் காரோட்டிய முதல் இந்தியர் ஆனார்.

அதன் பிறகும் நான்காண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. நைனாவின் கேள்வி இங்கே வேறு உருவில் வருகிறது. ஃபார்முலா ஒன்னின் பின்வரிசை அணிகள் ஓட்டுநரின் திறமையோடு அவர் கொண்டுவரும் விளம்பரதாரரையும் எடைபோடும். லோட்டஸ் அணியின் ஃபார்முலா ஒன் காரின் மீது வணிக விளம்பரம் ஏறியது 1968இல், கிரஹாம் ஹில் சாம்பியனான அதே ஆண்டில்தான். ஒரு பவுண்டோடு உள்ளே வந்தவரின் காலத்திலேயே வாயிலின் விலை ஏறத் தொடங்கிவிட்டது. நரேனுக்கு டாட்டா குழுமத்தின் ஆதரவு கிடைத்தது. 2005 மார்ச் 6இல் மெல்போர்னில் ஜோர்டான் அணிக்காக இறங்கி, ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். பதினைந்தாம் இடம்.

அந்த ஆண்டு ஜூன் 19இல் இண்டியானாபொலிஸில் நடந்ததை இன்றும் சிலர் ஏளனமாகச் சொல்வதுண்டு. மிஷெலின் டயர்கள் அந்தத் திடலின் சரிவான வளைவைத் தாங்கமாட்டா என்று தெரிந்ததும், அவற்றைப் பூட்டியிருந்த பதினான்கு கார்கள் முன்னோட்டச் சுற்றோடு விலகிக்கொண்டன. ஆறே கார்கள் பந்தயத்தை ஓட்டின. நரேன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். இந்தியர் ஒருவர் ஃபார்முலா ஒன்னில் பெற்ற முதல் புள்ளிகள் அவை. 'ஆறு பேரில் நான்காவது' என்று கேலி செய்தவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். அன்று பந்தயத்தைத் தீர்மானித்தது சக்கரம். ஔவையார் ஒரு திங்கள் முழுதும் உழைத்துச் செய்த சக்கரத்தைப் பற்றி வீணாகப் பேசவில்லை.

2010இல் பத்மஸ்ரீ பெற்ற நரேன், 2011இலும் 2012இலும் மீண்டும் ஃபார்முலா ஒன்னில் ஓட்டினார். 2011 அக்டோபர் 30இல் நொய்டாவில் நடந்த முதல் இந்தியன் கிராண்ட் பிரீயில் பதினேழாம் இடம் பெற்றார். இரண்டாமவர் சென்னையில் 1984இல் பிறந்த கருண் சந்தோக். பாட்டனார் இந்து சந்தோக் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை வளர்த்தவர்களில் ஒருவர், தந்தை விக்கி சோழவரத்தில் ஓட்டியவர். கருண் 2010இல் ஃபார்முலா ஒன்னிலும், 2012இல் முதல் இந்தியராக லெமானிலும் ஓட்டினார். அங்கே அவரது அணி ஆறாவதாக வந்தது. இருவருடைய திறமையிலும் உழைப்பிலும் எனக்கு ஐயமில்லை. இருவருமே பந்தயக் குடும்பத்துப் பிள்ளைகள் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். இன்றளவும் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய இந்தியர் இவ்விருவரே. எண்ணூரின் வண்டி உலகெங்கும் போனது. திருவொற்றியூரில் பலூன் செய்து தொடங்கிய நிறுவனத்தின் டயர்களில் ஓடி, 2022இல் ஸ்பெயின் நாட்டு எஃப்ரென் யரேனா ஐரோப்பிய ராலி சாம்பியன் ஆனார். ஆனால் எண்ணூர்ப் பிள்ளை எவனும் அந்த இருக்கையில் ஏறவில்லை.

*

2023 டிசம்பரில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் ஃபார்முலா ஃபோர் பந்தயம் நடப்பதாக இருந்தது. மிக்ஜாம் புயல் வந்தது, பந்தயம் தள்ளிப்போனது. அதே மழைவெள்ளத்தில் மணலியின் எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மீனவர்கள் வாளிகளாலும் கைகளாலும் அதை அள்ளிய படங்களை எல்லோரும் பார்த்தோம். 2024 ஆகஸ்ட் இறுதியில் பந்தயம் நடந்தது. மூன்றரைக் கிலோமீட்டர்த் தடம், விளக்கொளியில் இரவுப் பந்தயம். நானும் போய்ப் பார்த்தேன். பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். கார்கள் கடந்தபோது கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எந்த சிலிண்டர் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் காது நைனாவோடு போய்விட்டது.

பந்தயம் வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. நகரின் நடுவே ஒளிவெள்ளத்தில் நடக்கும் பந்தயம் படிக்கட்டின் மேற்படி. கீழ்ப்படி எங்கே என்றே கேட்கிறேன். வடசென்னையின் தொழிற்பயிற்சி நிலையத்தில் படிக்கும் ஒரு பிள்ளை, ஐந்து ஷில்லிங்குக்கு ஈடான ஒரு தொகையைக் கொடுத்து, உடைந்தாலும் குடும்பம் கடனில் மூழ்காது என்ற உறுதியோடு நான்கு சுற்று ஓட்டிப் பார்க்க ஓர் இடம் வேண்டும். சில்வர்ஸ்டோனில் தொடங்கியதும் சோழவரத்தில் தொடங்கியதும் ஒன்றே. அங்கே அந்தச் சிறுவாயில் திறந்திருந்தது, இங்கே இல்லை. மற்ற வேறுபாடுகளெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

அந்த மாணவனுக்கு அன்று நான் சொன்ன பதில், "பாடலில் பெயர் இல்லை" என்பது. அது சரியான பதில்தான். வகுப்பு முடிந்து வராந்தாவில் அவனை நிறுத்தி, அவன் தாத்தாவின் பெயரைக் கேட்டேன். சொன்னான். என் குறிப்பேட்டில், அந்தப் பாடலின் ஓரத்தில், எழுதி வைத்திருக்கிறேன்.